எழும்பூர் போன பேய்

குழம்பில் உப்பு குறைந்தால் நான் கோபப்படுகிற ஆள் இல்லை. சொல்லுவேன், அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்துவிடுவேன். தட்டைத் தூக்கி எறிகிற ஆண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். என் மனைவி எலினாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள். நான் சொல்வது பழைய எலினாவை.

என் பெயர் எட்வின். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கீழே டியூப்லைட் எரிகிற கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடம், ஓட்டை, எண்ணெய்க் கறை என்று எது கண்ணில் பட்டாலும் அதைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போடவேண்டும். நெய்தவனைக் கூப்பிட்டுத் திட்டத் தேவையில்லை. வட்டத்தைப் பார்த்தால் அவனுக்கே புரிந்துவிடும். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்துப்போய், கல்யாணமான புதிதிலிருந்தே வீட்டிலும் அதைக் கடைப்பிடித்தேன். ஒட்டடை இருந்தால் சுவரில் ஒரு வட்டம். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் அங்கே ஒரு வட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். முந்தானையில் மஞ்சள் கறை இருந்தது. அதைச் சுற்றியும் போட்டேன். உதறினால் போய்விடும், சாக்பீஸ்தானே. அவளை நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. கை நீட்டியதில்லை. அவளும் வட்டத்தைப் பார்ப்பாள், "சரிங்க" என்பாள், துடைப்பாள். இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது.

அப்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் சுப்புராஜ் எங்கள் ஊர்க்காரர்தான். அவருடைய பெரியப்பாவின் பழைய பங்களா பூட்டிக் கிடந்தது, அதில் ஒரு பேய்ப் படம் எடுத்தார். ஒரு பெண்ணுக்குப் பேய் பிடிக்கிறது, பாதிரியார் வந்து ஓட்டுகிறார், கதை அவ்வளவுதான். அந்தப் பெண்ணைக் கட்டிலோடு கட்டிப்போட வெள்ளைத் துணி வேண்டும் என்று எங்கள் கம்பெனிக்கு வந்தார்கள். மேனேஜர் என்னையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். போன இடத்தில், ஜெபக் காட்சியில் பின்வரிசையில் உட்காரப் பெண்கள் வேண்டும், மத்தியானம் பிரியாணி உண்டு என்றார்கள். ஒரு நாள் சமையல் மிச்சமாகட்டும் என்று எலினாவை நானே கூட்டிப்போனேன். நானே என்பதைக் கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவளை அடைத்துவைத்திருந்தேன் என்று அவளுடைய வக்கீல் சொல்கிறாராம்.

அங்கே ஒன்றும் பயமாக இல்லை. பேய் வாந்தி எடுப்பதற்காகப் பால்கோவாவைப் பாலில் கரைத்து, பச்சைக் கலர் சேர்த்து, ஒரு வாளியில் வைத்திருந்தார்கள். லைட்மேன் ஒருவர் அதை டம்ளரில் மொண்டு குடித்துக்கொண்டிருந்தார். பயமுறுத்துவதற்காகக் கூட்டிவந்திருந்த ராஜபாளையம் நாய், படியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கதாநாயகி மும்பைப் பெண். பாவம், அவர் வசனம் சொன்னால் பேய் மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது.

சுப்புராஜ் தலையில் கைவைத்துக்கொண்டு, பின்வரிசையைப் பார்த்து, "யாராச்சும் ஒரு பேய்க்குரல் குடுங்கம்மா, இந்தப் பொண்ணு அதைக் கேட்டாவது கத்தட்டும்" என்றார். எல்லோரும் சேலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எலினா எழுந்து நின்றாள்.

"நான் சொல்லிப் பாக்கட்டுமா சார்?"

"சொல்லுங்க மேடம். வசனம் வேண்டாம். யாரையாச்சும் மனசுல நெனச்சுக்கிட்டுப் பேசுங்க."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். மைக்கைப் பிடித்தாள். பிறகு வந்தது அந்தக் குரல். எந்த வயிற்றிலிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏலே. செவுத்துல வட்டம் போட்டியே. தரையில வட்டம் போட்டியே. எம் முந்தானையில வட்டம் போட்டு, என்னைக் கோயில் வாசல்ல நிக்க வச்சியே. ஒன்னைச் சுத்தி ஒரு வட்டம் போட எம்புட்டுப் பெரிய சாக்பீஸ் வேணும்லே."

நாய் எழுந்து ஜெனரேட்டர் வண்டிக்கு அடியில் போய்விட்டது. கதாநாயகி நிஜமாகவே அழுதார், கேமராமேன் அதை விடாமல் எடுத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வசனம் எழுதியவர் கெட்டிக்காரர், குடும்ப விஷயமெல்லாம் தெரிந்து எழுதியிருக்கிறார் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர்தான் வசனம் எழுதியவராம். "நான் எழுதல சார்" என்றார்.

நான் கை தட்டுவதை நிறுத்தியது அப்போதுதான்.

படத்தில் பேய்க்கு எலினாதான் குரல் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. சென்னைக்கு வந்து டப்பிங் பேசவேண்டும், பிடித்திருந்தால் வேறு படங்களுக்கும் சொல்லிவிடுகிறேன் என்றார் சுப்புராஜ். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"போயிட்டு வரட்டுமாங்க? எனக்கு வேற எதுவும் வேண்டாம். இந்த ஒண்ணு போதும்."

நான் மறுக்கவில்லை. யோசிப்போம் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் யோசிப்போம் என்றால் அவளுக்கு அர்த்தம் புரியும். இந்த முறை புரியவில்லை.

வீட்டில் குரல் பழக ஆரம்பித்தாள். தேங்காய் துருவும்போது உறுமுவாள். துணி காயப்போடும்போது மொட்டைமாடியிலிருந்து சிரிப்பாள். கேஸ் கொண்டுவந்தவர் சிலிண்டரைத் தெருமுனையில் இறக்கிவைத்துவிட்டுப் போனார், நான்தான் உருட்டிக்கொண்டு வந்தேன். ஒருநாள் சுவரில் எண்ணெய்க்கை பட்ட இடத்தில் வழக்கம்போல வட்டம் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வட்டத்துக்குள் கண்ணும் மூக்கும் வரைந்து, மீசையும் வைத்திருந்தாள். அது என் மீசை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் சாப்பிடும்போது, "உப்பு குறைவு" என்றேன். சமையலறைக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"போட்டுக்கோ."

போட்டுக்கோங்க என்று இல்லை, மேடம். போட்டுக்கோ. அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. என் மனைவிக்குப் பேய் பிடித்திருக்கிறது. நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வேறு எப்படி நினைக்க முடியும்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெபதுரை ஐயா என்று ஒருவர், வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் வைத்துப் பேய் ஓட்டுகிறார். நல்ல மனிதர். இந்த வழக்கில் அவரைச் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் என்னை முறையாக விசாரித்தார்.

"நல்லா சாப்பிடுதாளா?"

"முன்னைவிட நல்லா சாப்பிடுதா ஐயா."

"தூங்குதாளா?"

"குறட்டை விடுதா."

"அப்பொ பேய் எங்க தம்பி இருக்கு?"

அவர் தொழில் தெரிந்தவர், சும்மா நம்ப மாட்டார். அதனால் சில விஷயங்களைக் கூடுதலாகச் சொல்லவேண்டி வந்தது. சுவரில் பல்லி மாதிரி ஏறுகிறாள் என்றேன். பச்சைக் கோழியைக் கடிக்கிறாள் என்றேன். பச்சையாக வாந்தி எடுக்கிறாள் என்றேன். எதையும் நானாகக் கற்பனை செய்யவில்லை, எல்லாம் ஷூட்டிங்கில் பார்த்ததுதான். ஷூட்டிங்கைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

"தாமதிக்கக் கூடாது, இந்த வெள்ளிக்கிழமையே கூட்டிட்டு வாங்க" என்றார். டப்பிங்குக்காக அவள் ரயில் ஏறவேண்டிய நாளும் அதே வெள்ளிக்கிழமைதான். கடவுள் சித்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

முந்தின நாள் எலினாவிடம், சரி, போய்ட்டு வா என்றேன். அவளால் நம்பவே முடியவில்லை. "பெரிய ஆளுகளைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோட போகாதே. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்கிட்டு அங்கயே ரயில் ஏறலாம், நானும் வாரேன்" என்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க விடமாட்டீங்கன்னு நெனச்சேன். தப்பா நெனச்சிட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்போது நெஞ்சில் என்னவோ செய்தது. பஸ்ஸில் கூட்டம், காற்றில்லை, அதனால் இருக்கும்.

பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். ஏமாற்றவில்லை, நல்ல கடையில் சூடாகவே வாங்கினேன். பிறகு, போகிற வழியில் ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாம் என்று ஜெபதுரை ஐயா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வெளியூருக்குக் கிளம்பும்போது ஜெபம் பண்ணுவது எங்களில் வழக்கம். அவளே முன்னால் போய் முழங்கால் போட்டாள். ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியது அதற்குப் பிறகுதான்.

கட்டிய துணியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது எங்கள் கம்பெனித் துணி. நானே பார்த்து எடுத்துவந்தது. ஓர் இழை அறுந்த இடம்கூடக் கிடையாது. அங்கே வழக்கமாகத் தேங்காய்நார்க் கயிற்றால்தான் கட்டுவார்களாம், கை உரிந்துவிடும். என் மனைவிக்கு நான் அப்படிச் செய்ய விடவில்லை. மருத்துவ அறிக்கையில் மணிக்கட்டில் காயம் இல்லை என்று இருக்கிறது அல்லவா, அதற்குக் காரணம் நான்தான்.

அவளுடைய போன் என் சட்டைப்பையில் இருந்தது. நடுவில் சுப்புராஜ் கூப்பிட்டார். "மேடம் கிளம்பிட்டாங்களா சார்? நாளைக்குக் காலையில ஸ்டூடியோ போட்டாச்சு" என்றார். என்ன சொல்வது என்று எனக்கு ஓடவில்லை. எலினா தவறிட்டா சார், என்றேன்.

"காலையிலதான சார் பேசுனாங்க."

"அதுக்குப் பொறவுதான் சார்."

அவர் அழுதார். அவர் அழும்போது நான் மட்டும் சும்மா இருப்பது நன்றாக இருக்காது என்று நானும் அழுதேன். புறப்பட்டு வருகிறேன் என்றார். "வேண்டாம் சார், வீட்டோட முடிச்சிக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டேன். உள்ளே அவள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். உபவாச ஜெபத்தில் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். என்னையே பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

ஜெபதுரை ஐயா அவள் தலையில் எண்ணெய் வைத்து, "உன் பேர் என்ன?" என்று அதட்டினார். பேய் தன் பெயரைச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"எலினா."

"அது இந்தச் சகோதரி பேரு. உள்ள இருக்க உன் பேரைச் சொல்லு."

"உள்ளயும் எலினாதான் ஐயா."

இப்படியே வெகுநேரம் போனது. தங்கபாய் அக்கா என்று அங்கே ஜெபத்துக்குத் துணை நிற்பவர், கஞ்சிரா தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். எலினா கெஞ்சினாள், அழுதாள், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரயில் வரும் நேரம் நெருங்கியது. அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தாள், ஜெபதுரை ஐயாவைப் பார்த்தாள், தலைமுடியை முன்னால் போட்டுக்கொண்டாள்.

"ஏலே ஜெபதுரை."

கஞ்சிரா கீழே விழுந்தது.

"நான் போயிருதேன்லே."

ஐயாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டிய பேய்கள் எல்லாம் முனகியிருக்கின்றன, உருண்டிருக்கின்றன. இவ்வளவு தெளிவாக ஒன்றும் பேசியதில்லை.

"எங்க போவே? சொல்லு."

"எழும்பூர்."

"போறதுக்கு அடையாளம் என்ன காட்டுவே?"

போகிற பேய் ஓர் அடையாளம் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும், விளக்கை அணைக்கும், கிளையை முறிக்கும். இந்தப் பேய் கொஞ்சம் யோசித்தது.

"கட்டை அவுருங்க. இவ பையையும் பால்கோவாவையும் தூக்கிக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, வாசல் வழியா போறேன். அதான் அடையாளம்."

நான் எழுந்து, "அவுக்காதீங்க ஐயா, இது நடிப்பு" என்றேன்.

ஜெபதுரை ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நடிப்பா? செவுத்துல ஏறுதா, பச்சைக்கோழி கடிக்கான்னு நீங்கதான தம்பி சொன்னீய?"

தங்கபாய் அக்கா கட்டை அவிழ்த்தார். நான் வாசலை மறிக்கப் போனேன். மறிக்கக் கூடாதாம். போகிற பேயை மறித்தால் மறித்தவன்மேல் ஏறிக்கொள்ளும் என்று ஜெபத்துக்கு வந்திருந்த நாலு பேர் சேர்ந்து என்னைச் சுவரோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், என் நல்லதுக்குத்தான். பேய் நிதானமாக முகம் கழுவியது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தது. என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டது. பையைத் தோளில் மாட்டி, பால்கோவா டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், "ஸ்டேஷன்" என்று சொல்லி ஆட்டோவில் ஏறியது. இரண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கி நின்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். தங்கபாய் அக்கா பாட்டுக்கூட எடுத்துவிட்டார்.

"பேய் போயிருச்சு ஐயா. என் பொண்டாட்டி எங்க?" என்று கேட்டேன்.

ஜெபதுரை ஐயா வாசலைப் பார்த்தார், காலியாகக் கிடந்த ஜன்னல் கம்பியைப் பார்த்தார். "விசுவாசமா இருங்க தம்பி" என்றார்.

மறுநாள் காலையில் சென்னையில் நடந்ததை நீங்களே விசாரித்திருப்பீர்கள். மைக்குக்குப் பக்கத்தில் எலினாவின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார்களாம். இவள் கதவைத் திறந்துகொண்டு, "லேட்டாயிருச்சு, மன்னிச்சிக்கோங்க சார்" என்று உள்ளே போயிருக்கிறாள். பேய்ப் படங்களுக்குச் சத்தம் சேர்த்தே தலை நரைத்த சவுண்ட் இன்ஜினியர் ஒருவர் நாற்காலியோடு விழுந்துவிட்டார். தன் படத்திலிருந்த மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாளாம். பிறகு டப்பிங் பேசி முடித்துவிட்டுத்தான் புகார் எழுதினாளாம்.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். உயிரோடு உள்ளே கட்டிவைத்துக்கொண்டு, செத்துப்போனாள் என்று ஏன் சொன்னாய், அவளை என்ன செய்வதாக இருந்தாய் என்று. நீங்கள் நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை, மேடம். நான் கோழி அறுக்கிற இடத்தில்கூட நிற்க மாட்டேன். பேய் போனதும் வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பேன். வெளியே செத்துப்போனவளாக இருந்திருப்பாள், வீட்டுக்குள் பழையபடி இருந்திருப்பாள். யாரும் தேடி வந்திருக்கமாட்டார்கள், போன் வந்திருக்காது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஒரே ஒரு தடவை அவள் எனக்குப் போன் பண்ணினாள். உறுமவில்லை. பழைய எலினாவின் குரல்தான், மெதுவான குரல். "நான் இனிமே வரமாட்டேங்க. ஃப்ரிட்ஜுல தோசைமாவு இருக்கு, புளிக்கிறதுக்குள்ள ஊத்திக்கோங்க" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். அன்று பங்களாவில் கேட்ட உறுமலுக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன், மேடம். பொய் சொல்லிக் கூட்டிப்போனது நான்தான். கட்டியது நான்தான். தண்ணீர் கொடுக்காதது, போனை எடுத்துவைத்தது, செத்துவிட்டாள் என்றது எல்லாம் நான்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அவளுக்குப் பேய் பிடிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். பேய் இல்லையென்றால், அந்த வசனமெல்லாம் என் மனைவி பேசியது என்றாகிவிடும்.